பனியன் கம்பெனில இன்டெர்னா சேர்ந்தா ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கத்துக்கறது எப்படி

மெர்ச்சண்டைசிங்ல, அதாவது பையரோட ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கப்பல் ஏறற வரைக்கும் பாத்துக்கற டிபார்ட்மென்ட்ல, இன்டெர்னா வர்ற பசங்களும் புள்ளைங்களும் மொத வாரத்துலயே கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "அக்கா, கூரியர் அனுப்பறது, ஷீட்ல தேதி ஏத்தறது, டையிங்குக்கு போன் போடறது, இதேதான் குடுக்கறீங்க, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எப்பங்க கத்துக் குடுப்பீங்க?" திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்ல நானும் இதே கேள்வியோட உக்காந்திருந்தவதான். இப்ப எனக்கு ஜூனியரா வர்றவங்களுக்கு நான் சொல்றதை இங்க முழுசா எழுதறேன், ஏன்னா அந்த போனும் ஷீட்டும் கூரியரும்தாங்க அந்த படிப்பே, யாரும் தனியா கிளாஸ் எடுக்க மாட்டாங்க, குடுத்த வேலையில இருந்து நம்மதான் எடுத்துக்கணும்.

ஒரு ஆர்டர்ங்கறது முழுசா ஒரு ப்ராஜெக்ட். பையர் டெக் பேக், அதாவது டிசைன், அளவு எல்லாம் எழுதுன ஃபைல், அனுப்பறாரு, இத்தனை பீஸ், இந்த கலர், இந்த ரேட், இந்த தேதிக்கு சரக்கு ஃபேக்டரிய விட்டு கிளம்பி தூத்துக்குடி போயாகணும். நடுவுல நூல், நிட்டிங், சாயம் போடற டையிங், துணி பின்னாடி சுருங்காம இறுக்கற காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தைக்கற பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு பத்து கை மாறும், அதுல பாதி நம்ம கூரைக்குக் கீழயே இருக்காது, ஜாப் ஒர்க்குக்கு வெளிய போகும். அந்தப் பத்து பேருக்கும் நீங்க முதலாளி கிடையாது, யாரையும் அதட்ட முடியாது, ஆனா தேதி தவறுனா மொத போன் உங்க டேபிளுக்குத்தான் வரும். ப்ராஜெக்ட் மேனேஜரோட நிலைமை எந்தத் தொழில்லயும் கிட்டத்தட்ட இதேதான்.

மொத வேலை, கடைசில இருந்து எண்ணுங்க

சேர்ந்த அன்னைக்கே ஓடிட்டு இருக்கற ஒரு ஆர்டரோட டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டை கேட்டு வாங்குங்க, டிஎன்ஏன்னு சொல்லுவாங்க, எல்லா யூனிட்லயும் ஏதோ ஒரு ரூபத்துல இருக்கும். வாங்கி படிச்சா மட்டும் பத்தாது, அதை மூடி வெச்சுட்டு நீங்களா ஒண்ணு போட்டுப் பாருங்க. கப்பல் தேதிய கீழ எழுதிட்டு மேல மேல ஏறுங்க.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். 10,000 பீஸ் டீ ஷர்ட், ஒரே தையல் லைன்ல ஓட்டறோம், லைன் சூடு புடிச்சா ஒரு நாளைக்கு 800 பீஸ் வரும்னு வெச்சுக்குவோம். உடனே 10,000-ஐ 800-ல வகுத்து 13 நாள்னு எழுதுவீங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. ஆனா புது ஸ்டைல் ஏறுனா மொத ரெண்டு நாள் பாதிதான் வரும், 400, 400. மீதி 9,200-க்கு 12 நாள், ஆக 14. அதுக்கு மேல கடைசி பீஸ் தைச்சு இறங்கி செக்கிங் அயர்னிங் பேக்கிங் முடிய 3 நாள், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு 2 நாள். கட்டிங் தையலுக்கு 3 நாள் முன்னாடி ஆரம்பிக்கணும், துணி டையிங் முடிஞ்சு வர 10, நிட்டிங் 6, நூல் வர 6. கூட்டுனா 44 வேலை நாள், ஞாயிறு கழிச்சா ஏழு வாரத்துக்கு மேல. ஆர்டர் கைக்கு வந்த அன்னைக்கு கப்பலுக்கு ரெண்டு மாசம் இருக்குன்னு எல்லாரும் சாவகாசமா இருப்பாங்க, இந்தக் கணக்கைப் போட்டவருக்கு மட்டும்தான் கையில ஒரு வாரத்துக்கு கொஞ்சம் மேலதான் மிச்சம்னு தெரியும். உங்க ஷீட்டையும் சீனியரோடதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எங்க வித்தியாசம் வருதுன்னு பாருங்க, வர்ற இடத்துல எல்லாம் "ஏன்க்கா இங்க 4 நாள் வெச்சிருக்கீங்க"ன்னு கேளுங்க, அந்த பதில்லதான் அவங்களோட பத்து வருச அனுபவம் இருக்கு.

இந்த எண்றதுக்கு விரல் விட வேண்டாம். எக்ஸல்லயும் கூகுள் ஷீட்ஸ்லயும் வொர்க்டேன்னு ஃபார்முலா இருக்கு, தேதியும் நாளும் குடுத்தா லீவு கழிச்சு அடுத்த தேதிய தரும், நாளுக்கு முன்னாடி மைனஸ் போட்டா பின்னாடி எண்ணும். ஆனா அது சனி ஞாயிறு ரெண்டையும் லீவா எடுத்துக்கும், நமக்கு சனிக்கிழமை முழு வேலை, சம்பள நாள் வேற. அதனால அது கூடவே புள்ளி வெச்சு ஐ.என்.டி.எல்.னு முடியற இன்னொரு வொர்க்டே இருக்கும், அதை எடுத்து லீவு நாள் கேக்கற இடத்துல 11-னு போடுங்க, ஞாயிறு மட்டும் லீவுன்னு அர்த்தம். கடைசில லீவு லிஸ்ட் கேக்கும், தனி ஷீட்ல பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி தேதியெல்லாம் எழுதி அதைக் காட்டி விடுங்க. தீபாவளிக்கு மட்டும் காலண்டர்ல போட்டிருக்கற ஒரு நாளை நம்பாதீங்க, போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் போற ஆளுங்க திரும்ப வந்து லைன் நிரம்ப ஒரு வாரத்துக்கு மேலயே ஆகும், போன வருசம் என்னைக்கு முழு ஆள் வந்தாங்கன்னு ஹெச்ஆர்ல கேட்டு அந்த நாளை எழுதுங்க.

ஷீட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி

நான் பண்ணுன ஒரு தப்ப சொல்றேன், நீங்க பண்ணிடக் கூடாதுன்னு. அமெரிக்க பையர் ஒருத்தரோட மெயில்ல பிபி சாம்பிள் (ப்ரீ ப்ரொடக்‌ஷன், மொத்தமா தைக்கறதுக்கு முன்னாடி பையர் ஓகே பண்ற பீஸ்) வர வேண்டிய தேதி 05/06-னு இருந்துச்சு, நான் ஜூன் 5-னு ஏத்திட்டேன். அவங்களுக்கு மாசம்தான் மொத வரும், அது மே 6. மே 7 காலைல "சாம்பிள் எங்கே"ன்னு மெயில், சாம்பிள் ரூம்ல துணியே வெட்டல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு டெய்லர் அண்ணனுங்க வீட்டுக்குப் போகாம உக்காந்து மூணு பீஸ் தைச்சுக் குடுத்தாங்க, என் சீனியர் அக்கா பையர்கிட்ட பேசி நாலு நாள் வாங்குனாங்க. எனக்கு இன்னைக்கும் அந்த ராத்திரி மனசுல இருக்கு, ஏன்னா நான் பண்ணுன தப்புக்கு தூக்கம் போனது அவங்களுக்கு. அதுக்கப்பறம் நான் மாசத்தை எழுத்துலதான் எழுதறேன், 6 மே, 5 ஜூன், மெயில்லயும் சரி ஷீட்லயும் சரி. சந்தேகமா இருந்தா ஒரு வரி கேட்டு மெயில் போட்டுடுங்க. இன்னொன்னு, எக்ஸல்ல தேதி அடிச்சதும் கட்டத்துல எந்தப் பக்கம் ஒட்டுதுன்னு பாருங்க, நீங்களா மாத்தி வெக்காத வரைக்கும் நெஜமான தேதி வலப்பக்கம் போகும், இடப்பக்கம் நின்னா அது வெறும் எழுத்து, அதை வெச்சு போடற தேதிக் கணக்கை நம்ப முடியாது.

ஷீட்ல காலம், அதாவது மேல இருந்து கீழ போற வரிசை, நிறைய வேண்டாம். வேலை, பொறுப்பு யாரு, பிளான் தேதி, இப்ப சொல்ற தேதி, நடந்த தேதி, குறிப்பு, அவ்வளவுதான். பொறுப்புங்கற இடத்துல டையிங்னு எழுதாதீங்க, ஒரு ஆளோட பேரு எழுதுங்க, டிபார்ட்மென்ட்டுக்கு போன் போட முடியாது. அப்பறம் பிளான் தேதிய எந்தக் காரணத்துக்கும் அழிக்காதீங்க, தள்ளிப் போனா பக்கத்து கட்டத்துல புது தேதிய எழுதுங்க. பிளானை அழிச்சு அழிச்சு எழுதுன ஷீட் எப்பவும் பச்சையாவே இருக்கும், கப்பல் போன பின்னாடிதான் இருபது நாள் தள்ளிப் போன கதை தெரியும். பிளான் தேதி தாண்டியும் நடந்த தேதி காலியா இருந்தா கட்டம் சிவப்பாகற மாதிரி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டுக்கங்க, பத்து நிமிச வேலை, காலைல ஷீட்டைத் திறந்ததும் கண்ணு நேரா அங்கதான் போகும்.

தேதிக்கு ஏத்த மாதிரி கட்டத்துக்கு கலர் நீட்டி விட்டா அதுவே கான்ட் சார்ட் ஆயிரும், ஹென்றி கான்ட்ங்கற இன்ஜினியர் 1910-கள்ல பரவலாக்குன முறை, நூறு வருசம் தாண்டியும் ஃபேக்டரில அதான் ஓடுது. தனி சாஃப்ட்வேர் எல்லாம் தேடாதீங்க, யூனிட்ல இஆர்பி, அதாவது மொத்த கம்பெனி கணக்கையும் வெக்கற சாஃப்ட்வேர், இருந்தா அதுல ஏத்துங்க, ஆனா உங்க கைக்குன்னு ஒரு ஷீட் வெச்சுக்கங்க.

போன்ல என்ன கேக்கறது

இதுதாங்க எல்லாத்தையும் விட முக்கியம், இதுக்குத்தான் நான் இவ்வளவும் எழுத உக்காந்தேன். புதுசா வர்றவங்க போன் போட்டு "அண்ணா, துணி என்னாச்சுங்க"ன்னு கேப்பாங்க. "ஆயிட்டே இருக்குதுங்க, ரெண்டு நாள்ல வந்துருமுங்க"ன்னு பதில் வரும். இவங்க ஷீட்ல "டையிங் நடக்கிறது, 2 நாள்"னு ஏத்திருவாங்க. ரெண்டு நாள் கழிச்சு கேட்டா அதே ரெண்டு நாள். அவரு பொய் சொல்லல, அவருக்கு முப்பது கம்பெனி துணி ஓடுது, நம்ம கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் பதில் சொல்ல முடியும்.

கேக்கற விதத்தை மாத்துங்க. போன் எடுக்கறதுக்கு முன்னாடி டெலிவரி சலானை முன்னாடி வெச்சுக்கங்க. "அண்ணா, நேவி 760 கிலோ, சிவப்பு 720, வெள்ளை 780 குடுத்திருக்கோம், நேவில எத்தனை கிலோ இறங்கிருச்சுங்க? சிவப்பு மெஷின்ல ஏறிருச்சா, க்யூல இருக்குதா? க்யூல இருந்தா நமக்கு முன்னாடி எத்தனை லாட் இருக்குங்க?" இப்படிக் கேட்டா அவரு எந்திரிச்சுப் போய் பாத்துட்டு வந்து சொல்லுவாரு, "நேவி 500 இறங்கிருச்சுங்க, சிவப்பு நாளைக்கு நைட் ஷிஃப்ட்ல ஏறும்." இப்ப உங்க கையில எண்ணிக்கை இருக்கு, நேவி முதல்ல வருதுன்னு தெரிஞ்சா கட்டிங் மாஸ்டர்கிட்ட நேவிய முதல்ல விரிக்கச் சொல்லலாம், லைன் நிக்காது. எந்த வேலைக்கும் ஒரு ஆளு, ஒரு தேதி, ஒரு எண்ணிக்கை, இந்த மூணும் வாங்காம போனை வைக்காதீங்க.

நம்ம ஊர் பதில்கள் சிலதுக்கு உள்ள அர்த்தமும் பழகிக்கணும். "ஆயிரும்"னா பெரும்பாலும் இன்னும் ஆரம்பிக்கல. "பாத்துக்கலாம்"னா அவருகிட்ட தேதி இல்ல. "முக்கால்வாசி முடிஞ்சுது"னா எத்தனை பீஸ்னு கேக்கணும். "அனுப்பியாச்சு"ன்னா சலான் நம்பரும் வண்டி நம்பரும் வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா வரணும். இதை சந்தேகமா கேக்கற தொனில கேக்காதீங்க, "ஷீட்ல ஏத்தணுங்கண்ணா, ஒரு ஃபோட்டோ போட்டு விடுங்க"ன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. வயசுல பெரியவங்க, முப்பது வருசமா இந்த வேலை பாக்கறவங்க, உங்க கிட்ட தேதி சொல்லணும்னு அவங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல, அந்த மரியாதை குரல்ல இருக்கணும். தேதி தவறுன பின்னாடி போன் போட்டு ஏன்னு கேக்கறதை விட, தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி போட்டு "உங்களுக்கு எங்க பக்கத்துல இருந்து ஏதாவது வேணுமாங்க"ன்னு கேட்டுப் பாருங்க, பாதி தடங்கல் நம்ம பக்கம்தான் இருக்கும், பையர் அப்ரூவ் பண்ணுன கலரோட ஷேட் கார்டை நம்ம அனுப்பியே இருக்க மாட்டோம், அவரு அதுக்குத்தான் காத்துட்டு இருப்பாரு.

பேசி முடிச்சதும் அதையே ரெண்டு வரில வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, "அண்ணா, பேசுன மாதிரி நேவி 500 கிலோ இன்னைக்கு காம்பாக்டிங், சிவப்பு நாளை நைட் ஷிஃப்ட்." அவரு ஒரு கட்டைவிரல் போடுவாரு, அது போதும், ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும்.

வேலை நேரம் வேற, காத்திருக்கற நேரம் வேற

லேப் டிப் கார்டு, அதாவது சாயம் போட்ட சின்ன துணித் துண்டு ஒட்டுன கார்டு, பையருக்கு கூரியர் பண்ணச் சொல்லுவாங்க. சின்ன வேலைதான், ஒரே கலர்ல ஏ, பி, சின்னு மூணு ஷேட், கவர்ல போட்டு அனுப்பணும். ஆனா அந்த கார்டு பையர் டேபிள்ல போய் உக்காந்து, அவரு லைட் பாக்ஸ்ல வெச்சுப் பாத்து, "பி ஓகே, கொஞ்சம் சிவப்பு குறைங்க"ன்னு பதில் வர்ற வரைக்கும் டையிங்ல ஒரு கிலோ கூட ஏத்த முடியாது. நம்ம வேலை பத்து நிமிசம், காத்திருக்கறது பத்து நாள். நீங்க இன்னைக்கு சாயந்திரம் கூரியர் பையனை விட்டுட்டீங்கன்னா போனது ஒரு சாயந்திரம் இல்ல, ஆர்டர்ல ஒரு முழு நாள். அதனால லிஸ்ட்ல பத்து வேலை இருந்தா, முடிச்சதும் வேற ஒருத்தர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய வேலைய காலைலயே முடிச்சு அனுப்பிடுங்க, நீங்க மட்டும் உக்காந்து செய்யற வேலை மத்தியானத்துக்கு மேல பாத்துக்கலாம்.

எதுக்கு பதறணும் எதுக்கு பதற வேண்டாம்ங்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. மேல போட்ட கணக்குல நூல், நிட்டிங், டையிங், கட்டிங் எல்லாம் சேர்ந்து தையல் ஆரம்பிக்க 25 நாள். மெயின் லேபிள் வர 15 நாள்னா, அதுக்கு 10 நாள் இடம் இருக்கு, சப்ளையர் நாலு நாள் தள்ளிக் கேட்டா குடுக்கலாம், கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது. டையிங்ல நாலு நாள் தள்ளுனா நேரா கப்பல் நாலு நாள் தள்ளும். இடமே இல்லாத அந்த சங்கிலிக்குப் பேருதான் கிரிட்டிக்கல் பாத், 1950-கள் கடைசில அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனில ஃபேக்டரி வேலைய பிளான் பண்ண இந்தக் கணக்கைப் போட்டாங்க. ஆனா அந்த 10 நாளை நம்பி லேபிளுக்கு ஆர்டர் போடாமயே 11 நாள் விட்டீங்கன்னா இப்ப லேபிள்தான் கிரிட்டிக்கல், இதுல நெறைய பேரு வழுக்கி விழுந்திருக்காங்க.

திருப்பூர்ல டையிங் இந்த சங்கிலிலதான் எப்பவும் இருக்கும். 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல சாயக் கழிவு பிரச்சனைக்காக டையிங் யூனிட்டுகளை மூடுனப்ப துணிய வெளியூருக்கு வண்டி ஏத்தி சாயம் போட்டு கொண்டு வந்ததா பெரியவங்க சொல்லுவாங்க. நொய்யல் ஆத்துக்காக அந்த உத்தரவு வந்தே ஆகணும்னுதான் நான் நெனைக்கறேன், ஆனா பிளான் போடறவங்க அதுல கத்துக்க வேண்டியது, ஒரே இடத்தை நம்பி சங்கிலி போட்டா அந்த இடம் நின்னா என்ன பண்றதுன்னு ஒரு வரியாவது குறிப்புல இருக்கணும்.

சாம்பிளுக்கு ட்ரெல்லோ

சாம்பிள்களுக்கு மட்டும் ஷீட்டை விட ட்ரெல்லோ போர்டு வசதி, ஃப்ரீயாவே போதும். ஃபிட், சைஸ் செட், பிபின்னு ஒவ்வொரு சாம்பிளும் ஒரு கார்டு, "துணிக்குக் காத்திருக்கு, தையல்ல இருக்கு, அனுப்பியாச்சு, கமென்ட் வந்துச்சு, ஓகே"ன்னு அஞ்சு லிஸ்ட். ஜப்பான்ல டொயோட்டா ஃபேக்டரில கார்டை வெச்சு பார்ட்ஸ் நகர்த்துன கான்பான் முறையில இருந்து வந்ததுதான் இந்த யோசனை. தையல் லிஸ்ட்ல சாம்பிள் ரூம்ல இருக்கற மெஷினுக்கு மேல கார்டு குவிஞ்சா புதுசா எதையும் உள்ள விடாதீங்க, விட்டா எல்லாமே பாதில நிக்கும்.

மீட்டிங் நோட்ஸ தமிழ்ல எழுதுங்க

பிபி மீட்டிங்ல நோட்ஸ் எழுதற வேலை இன்டெர்னுக்குத்தான் வரும், சந்தோசமா வாங்கிக்கங்க. கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், க்யூசி, பேக்கிங் எல்லாரும் ஒரே ரூம்ல இருக்கற ஒரே சமயம் அது. இங்கிலீஷ்ல அழகா ரெண்டு பக்கம் டைப் அடிச்சு மெயில் போட்டா மாஸ்டர் அதைத் திறக்கவே மாட்டாரு. அரைப் பக்கம் தமிழ்ல, "கழுத்து ரிப் 2 செ.மீ, தோள்ல டேப் வரணும், முருகேசண்ணன் வியாழக்கிழமைக்குள்ள மார்க்கர் போட்டுக் காட்டணும்", இப்படி எழுதி பிரிண்ட் எடுத்து கட்டிங் டேபிள்லயும் லைன் போர்டுலயும் ஒட்டுங்க. நான் முதல் தடவை தமிழ்ல ஒட்டுனப்ப அந்த லைன் சூப்பர்வைசர் அக்கா வந்து நின்னு முழுசா படிச்சுட்டு, "ரெண்டாவது வரில டேப்புன்னு போட்டிருக்கீங்க, எத்தனை மில்லினு போடலியே கண்ணு"ன்னாங்க. அது டெக் பேக்லயே விட்டுப் போயிருந்துச்சு, பையரைக் கேட்டு வாங்குனோம், வெட்டறதுக்கு முன்னாடியே.

அந்த மீட்டிங்லயே "முடிஞ்சுது"ன்னா என்னன்னும் பேசிக்கங்க. தையலுக்கு முடிஞ்சுதுன்னா மெஷின்ல இருந்து இறங்குனது, பேக்கிங்குக்கு முடிஞ்சுதுன்னா பெட்டி ஒட்டுனது. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவருக்கு மொத்த பீஸும் தைச்சு முடிஞ்சு பொதுவா 80 சதவீதமாவது பெட்டில இருக்கணும். 10,000 பீஸ்னா அவரு 200 பீஸ் எடுத்துப் பாப்பாரு, ஏக்யூஎல் (எத்தனை குறை வரைக்கும் ஒத்துக்கலாம்ங்கற அளவுகோல்) 2.5-ன்னா பெரிய குறை உள்ளது 10 வரைக்கும் பாஸ், 11 ஆனா மொத்த லாட்டும் ஃபெயில். இந்த 10-ங்கற எண்ணை லைன்ல இருக்கறவங்களுக்கும் சொல்லி வைங்க, அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

கெட்ட சேதிய தள்ளிப் போடாதீங்க. டையிங் நாலு நாள் தள்ளுதுன்னு காலைல பத்து மணிக்கு தெரிஞ்சா பத்தே காலுக்கு சீனியருக்குத் தெரியணும், வெறும் "லேட்டாகும்க்கா"ன்னு இல்லாம, "சிவப்பு நாலு நாள் லேட், நேவிய முதல்ல ஓட்டுனா ரெண்டு நாள் மிச்சம் பண்ணலாம், மீதி ரெண்டு நாளுக்கு இன்னொரு லைன் கேக்கலாமாக்கா"ன்னு. திட்டு விழும்னு பயந்து மூணு நாள் மறைச்சா அந்த மூணு நாள்ல பண்ணிருக்க முடிஞ்ச எல்லாம் போயிரும்.

சர்டிபிகேட் வேணும்னு தோணுச்சுன்னா, 1969-ல ஆரம்பிச்ச பிஎம்ஐங்கற அமெரிக்க அமைப்பு நடத்தற கேப்எம் தேர்வுக்கு வேலை அனுபவம் தேவையில்ல, பிளஸ் டூ அளவு படிப்பும் 23 மணி நேர வகுப்பும் போதும், 150 கேள்வி, 3 மணி நேரம். ஆனா ஒரு ஆர்டரையாவது நூல்ல இருந்து பெட்டி வரைக்கும் கூடவே போய்ப் பாத்துட்டு எழுதுங்க, புத்தகத்துல வர்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மனுசன் முகம் ஞாபகம் வரும்.

இன்டெர்ன்ஷிப் முடியற கடைசி வாரம் உங்க ஆர்டர்களை அடுத்தவருக்கு ஒப்படைக்க ஒரு ஷீட் போடுங்க. எது யாருகிட்ட நிக்குது, எந்த தேதிக்கு சொல்லியிருக்காங்க, யாருக்கு எத்தனை மணிக்கு போன் போட்டா எடுப்பாங்க, டையிங் அண்ணன் மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு தூங்குவாரு அப்ப கூப்பிடக் கூடாது, இது வரைக்கும் எழுதுங்க. அப்ரூவ் ஆன ஷேட் கார்டு எந்த ஃபைல்ல எத்தனாவது பக்கத்துல இருக்குன்னும் எழுதி, அந்த ஃபைலை கையில குடுத்துட்டுக் கிளம்புங்க.